பேரணாம்பட்டு தந்த எழுத்தாளர்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓர் இலக்கியவாதியைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். தொலைவில் உள்ள எவரையும் நான் தேடவில்லை. நம் அண்டை ஊராகிய பேரணாம்பட்டில் 1968-இல் பிறந்த கவிஞர், நாவலாசிரியர் அழகிய பெரியவனைப் பற்றியே பேச விழைகின்றேன்.

தோல் தொழிலை அறியாதார் இவ்வவையில் இலர். பச்சைத்தோலை ஊறவைப்பதும், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குவதும், மயிர் களைவதும், சதை சீவுவதும், ஆவாரம்பட்டையிட்டுப் பதப்படுத்துவதும் நம் முன்னோரின் கைவேலை. என் தந்தையாரின் விரல் நகங்களைச் சுண்ணாம்பு அரித்திருந்தது. பள்ளியில் தந்தையின் தொழில் யாதெனக் கேட்டபோது, 'கூலி' என்று மட்டும் சொல்லி அமர்ந்தேன். தோல் என்னும் சொல் நாவில் எழவில்லை. அந்த நாணத்தை எனக்குக் கற்பித்தவர் யார் என்று அன்று எண்ணிப் பார்க்கவும் இல்லை.

அவ்வாறு நாம் ஒளித்து வைத்த வாழ்வை, நம் வட்டாரப் பேச்சோடு அச்சில் ஏற்றியவர் அழகிய பெரியவன். 2001-இல் வெளிவந்த அவருடைய 'தகப்பன் கொடி' தமிழக அரசின் பரிசு பெற்ற நாவல். பரிசினும் அதன் பொருளே பெரிது. நிலத்தை இழப்பது ஒரு தலித் குடும்பத்தை என்ன செய்யும் என்பதை அது காட்டுகின்றது. 1892-ஆம் ஆண்டு அரசாணையின் வழியே நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பெருமளவில் பிறர் கைக்குப் போயின. நிலமிழந்தவன் எங்கே செல்வான்? இப்பகுதியில் தோல் தொழிற்சாலையின் வாயிலுக்கே சென்றான். அத்தொழிற்சாலைகளின் கழிவுநீரோ பாலாற்றையும், எஞ்சிய நிலத்தின் கிணறுகளையும் கெடுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று 1996-இல் தீர்ப்பாயிற்று. இவ்வளவையும் மனத்திற்கொண்டு அந்நாவலைப் படித்தால், அது நம் பாட்டன்மாரின் கதையாகவே தோன்றும்.

பறையை மையமாகக் கொண்ட 'வல்லிசை'யும் அவருடைய நாவலே. 'உனக்கும் எனக்குமான சொல்', 'அரூப நஞ்சு' ஆகியன கவிதைத் தொகுதிகள். எனக்கென்னவோ கவிதைகளைவிடக் கதைகளே நெருக்கமானவை, இளைஞர்கள் மாறுபடலாம். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே இவ்வளவும் எழுதினார் என்பதை நம் மாலை வகுப்பு மாணவர்க்குச் சொல்ல விரும்புகின்றேன்.

நம் நூலகத்தில் 'தகப்பன் கொடி' ஒரே படிதான் இருந்தது. எடுத்துச் சென்றவர் இன்னும் திருப்பவில்லை. அதற்காக நான் வருந்தவில்லை. அது அவர் வீட்டிலேயே இருக்கட்டும். வேறு இரண்டு படிகளைச் செயலாளரிடம் இன்று ஒப்படைத்திருக்கின்றேன்.