கட்டுத்துவக்கும் சட்டமும்

கண்டிக் கம்மாளர் செய்த துவக்குகள் போர்த்துக்கேயரும் வியந்தவை. அத்தொழிலின் சிதைந்த எச்சமோ என எண்ணத் தோன்றும் கருவியொன்று இன்றும் மலைச்சாரற் புதர்களில் மறைந்து கிடக்கின்றது, அதுவே கட்டுத்துவக்கு.

இரும்புக் குழாயில் வெடிமருந்தைக் கெட்டித்து, மரத்திற் பிணைத்து, விசையிலிருந்து மெல்லிய கம்பியைத் தடத்தின் குறுக்கே இழுத்துக் கட்டுவர். பன்றியின் உயரத்துக்கு வைத்த குண்டு, விறகுக்குச் செல்லும் தொழிலாளியின் முழங்காலைத் துளைக்கும்.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கிற்று. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கிற்று. கையிலுள்ள துவக்குக்குப் பத்திரம் கேட்கலாம். ஆளின்றிச் சுடுவதற்கு யாரிடம் கேட்பது? மரவள்ளித் தோட்டத்தை ஓரிரவிற் பன்றிக்குப் பறிகொடுத்தவன் சட்டப் புத்தகத்தையா புரட்டுவான்?

தடத்திற் கம்பியைக் கண்டோர் அதைத் தொடாது, கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசாருக்கோ உடனே அறிவித்தல் வேண்டும்.