அப்டேட்டுக்குப் பின் பேட்டரி

சிவகாசியில் காலண்டர் டிசைனும் பட்டாசு பில்லும் இப்போது லேப்டாப்பில்தான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பலர் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். மாறிய கையோடு, "சார்ஜ் நிற்கவே மாட்டேங்குதே" என்ற புலம்பலும் வந்தது.

உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். பெரிய அப்டேட் முடிந்ததும் லேப்டாப் உங்கள் ஃபைல்களைத் தேடுவதற்கான அட்டவணையைப் புதிதாகப் போடும். அச்சகத்தில் படக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்குமே! ஓரிரு நாள் சார்ஜரில் போட்டு, அந்த வேலையை முடிக்க விடுங்கள்.

அதன் பிறகும் சார்ஜ் வேகமாக இறங்கினால், செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் பவர் அண்ட் பேட்டரி. எந்த ஆப் எவ்வளவு தின்கிறது என்று அங்கே தெரியும். கமாண்ட் பிராம்ப்ட்டில் 'பவர்சிஎஃப்ஜி', ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, ஒட்டியே 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ஓர் அறிக்கை உருவாகும். அதில் டிசைன் கெபாசிட்டி 50,000, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 25,000 என்றிருந்தால், பேட்டரிக்கே வயதாகிவிட்டது. அப்டேட்டைக் குறைசொல்லிப் பயனில்லை. லித்தியம் பேட்டரிக்கு வெயில் ஆகாது, நம் விருதுநகர் வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

டச்பேட் மேலே தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், சர்வீஸில் கொடுங்கள். பட்டாசு இருக்கும் அறையில் எந்த லேப்டாப்பையும் ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போகவே கூடாது.