தாதியின் மனச்சாட்சியும் நான்கு மணித்தியாலக் கணக்கும்



தாதியரைப் பற்றிப் பேச எழுந்தால் அவர்தம் தியாகத்தை வானளாவப் புகழ்ந்துவிட்டு அமர்வது நம்மவர் வழக்கம். அப்புகழுரையை இன்று ஒதுக்கிவைப்போம். இங்கிலாந்திலே, ஸ்ரபோர்ட் நகர வைத்தியசாலையிலே நிகழ்ந்ததைச் சற்று நோக்குவோம்.

அவசர சிகிச்சைக்கு வருவோர் நான்கு மணித்தியாலத்துள் சிகிச்சை பெற்று வெளியேற வேண்டும். அன்றேல் விடுதியிற் சேர்க்கப்படவேண்டும் என்பது அந்நாட்டு அரசு வகுத்த இலக்கு. இலக்கு நல்லதே. ஆனால் செலவைச் சுருக்குவதற்காக அதே வைத்தியசாலையில் ஆட்குறைப்பும் நடந்தது. ஆளில்லை, கணக்கு மட்டும் பிசகக் கூடாது! ஆகவே, நோயாளர் காத்திருந்த நேரத்தைப் பொய்யாக எழுதும்படி தாதியர் நெருக்கப்பட்டனர். கமக்காரப் பெருமக்களே, வயலிலே பயிர் கருகி நிற்க, ஏட்டிலே விளைச்சல் பொலிந்தால் எப்படியிருக்கும்? அங்கே வாடியது பயிரன்று. வலியால் துடித்த மனிதர்.

அப்பகுதியிற் கடமையாற்றிய ஹெலன் டொனெலி என்னும் தாதி 2007 இல் எழுத்து மூலம் முறையிட்டார். கிடைத்த பலன் மிரட்டல். கடமை முடிந்து இருளிலே தமது கார் வரை தனியே நடக்க அஞ்சினார். அழைத்துச் செல்ல வீட்டார் வரவேண்டியதாயிற்று. மிரட்டியோர் அமைச்சர்களல்லர், உடன் பணிபுரிந்தோரே! மேலிருந்து இறங்கும் நெருக்குதல், கீழே வந்ததும் ஊழியர் ஒருவர்மீதொருவர் பாயும் பகையாகிவிடுகிறது. மேலிடத்தார் கைகளோ கறைபடாதிருக்கின்றன.

செய்யத்தக்கது இன்னதென அறிந்தும் செய்யவிடாது தடுக்கப்படுவோர் படும் வேதனைக்கு, அன்ட்ரூ ஜேமற்றன் என்னும் அமெரிக்க அறிஞர் 1984 இல் ‘அறத்துயர்’ என்று பொருள்படும் பெயரொன்றைச் சூட்டினார். உடற்களைப்பு உறக்கத்தால் தீரும். இத்துயரோ உறக்கத்தையே கெடுக்கும்.

ரொபேர்ட் பிரான்சிஸ் தலைமையில் நடந்த பகிரங்க விசாரணையின் அறிக்கை 2013 பெப்ரவரியில் 290 பரிந்துரைகளுடன் வெளிவந்தது. நோயாளருக்குத் தீங்கு நேர்ந்தால் அதனை மறையாது அவருக்குரைத்தல் வைத்தியசாலைகளின் சட்டக் கடமையென 2014 இல் ஆயிற்று. அதே ஆண்டில் டொனெலிக்கு அரச விருதும் கிடைத்தது. முறையிட்டபோது கிடைக்காத துணை, விருதாக வந்தென்ன!

நம் நாட்டு வைத்தியசாலைகளுக்கும் நாம் கேட்பது அதிகமன்று. தாதி ஒருவர் தமது மேலதிகாரிமீது முறையிட்டால், அம்முறைப்பாட்டை அந்த அதிகாரியே விசாரித்தலாகாது. முறையிட்டவருக்கு எழுத்திலே மறுமொழி வேண்டும். இடமாற்றம் தண்டனையாதல் கூடாது. இவற்றை நம் பிரதிநிதிகள் சபையிலே கேட்கட்டும். விடுதியிலே மருந்து தாமதித்தால், எதிரே நிற்கும் தாதிமீது சீறும் நாமும், அவ்விரவில் அங்கு எத்தனை பேர் கடமையில் இருந்தனர் என்று நிருவாகத்தைக் கேட்போமாக.