குடிபெயர்ந்தோரும் குளிர்நிழலும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



லக்ஷ்மிபாய் நகரில் வாழும் நாம் அனைவரும் குடிபெயர்ந்தோரே. நம்மைப் போன்றோரின் போக்குவரவிற்கும் விதிகள் உண்டென ஆராய்ந்து காட்டியவர் எர்ன்ஸ்ட் ஜார்ஜ் ராவென்ஸ்டைன் என்னும் புவியியல் அறிஞர். ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் 1834-இல் பிறந்த அவர், இளமையிலேயே இங்கிலாந்தில் குடியேறினார். அந்நாட்டுப் போர்த்துறையின் நிலப்படப் பிரிவில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் பணியாற்றினார். ஆகவே அவரும் நம்மைப்போல் ஊர்விட்டு வந்த அரசாங்க ஊழியரே! பின்னர் 1882-இல் லண்டன் பெட்ஃபோர்டு கல்லூரியில் புவியியல் பேராசிரியராக அமர்ந்தார்.

1881-ஆம் ஆண்டின் குடிக்கணக்கை ஆராய்ந்து 1885-இல் அவர் வெளியிட்ட முடிபுகளுள் மூன்று நம் கருத்திற்குரியன. பெரும்பாலோர் அண்மையூருக்கே பெயர்வர். நெடுந்தொலைவு செல்வோர் வாணிகமும் தொழிலும் செழித்த பெருநகரையே நாடுவர். ஒவ்வோர் ஓட்டத்திற்கும் எதிரோட்டம் ஒன்று உண்டு. நம்மைத் தில்லிக்கு இழுத்தது வாணிகமன்று, உத்தியோகம். எனினும் தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்தது ஓட்டமெனின், ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலிசெய்து சென்னைக்கு வண்டியேறுவது எதிரோட்டமன்றோ?

1890-இல் அவர் மற்றொன்றும் கணக்கிட்டார். இவ்வுலகம் தாங்கவல்ல மக்கள் 599 கோடியே 40 லட்சம். அவ்வெல்லை 2072-இல் எட்டப்படும் என்றார். ஆனால் 1999-இலேயே மக்கள்தொகை 600 கோடியைத் தொட்டது. 2022-இல் 800 கோடியாயிற்று. கணக்குத் தவறினும், வந்து சேர்வோரை மண் எவ்வளவு தாங்கும் என்ற வினா இன்றும் நிற்கிறது.

அவ்வினா 2018-இல் நம் வாயிலுக்கே வந்தது. அண்டையிலுள்ள சரோஜினி நகர், நௌரோஜி நகர், நேதாஜி நகர் முதலிய ஏழு குடியிருப்புகளைப் புதுப்பிக்கும் திட்டத்தால் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழவிருந்தன. மக்கள் மரங்களைத் தழுவி நின்றனர்; தில்லி உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

"சொந்த வீடன்று, மரத்திற்கு நீர் ஏன்?" என நாமே எண்ணியதுண்டு. ஆனால் நாம் இன்று ஒதுங்கும் வேப்பநிழல், என்றோ எதிரோட்டத்தில் ஊர் திரும்பியோர் விட்டுச் சென்றதாகும். நாம் காலிசெய்யும் வீட்டிற்கும் நாளை ஒரு குடும்பம் வரும். எம்மொழி பேசுவோராயினும் வெயில் அவர்களையும் சுடும். ஆதலின் வரும் மழைக்காலத்தில் வீட்டிற்கொரு கன்று நட்டு, அடுத்த கோடை முழுதும் நீர் வார்ப்போம் என வேண்டி அமைகிறோம்.