தலைக்கை தருவோம்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் இயலையும் இசையையும் பற்றிப் பேசுகின்றோம். இன்று கூத்தைப் பற்றி, அதிலும் இருவர் கைகோத்தாடும் இணைநடனத்தைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். நம் இளைஞர் சிலர் 'லிண்டி ஹாப்' என்னும் நடனத்தை விழாவிற் சேர்க்க வேண்டினர். "இது நம் மரபன்றே" என்று பெரியோர் சிலர் தயங்கினர். அத்தயக்கத்தை மதித்தே ஆராய்வோம்.

இந்நடனம் 1920களின் இறுதியில் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களிடையே தோன்றியது. 1926இல் அங்குத் திறக்கப்பெற்ற சவாய் நடனமன்றமே அதன் தொட்டில். எட்டு எண்ணிக்கையில் அமைந்த அடிகளை வைத்து இணையர் கைபற்றிச் சுழல்வர். சுழற்சியின் விசையிலே விலகி, ஒரு கை மட்டும் பற்றியோ அதனையும் விடுத்தோ, தத்தம் கற்பனைக்கேற்ப ஆடுவர். பின்னர்த் தாளம் பிசகாது மீண்டும் கைகோப்பர். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை அறிந்த நமக்கு இது விளங்காததா? கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது மிருதங்கக்காரர் தம் கற்பனையெல்லாம் காட்டி, முத்தாய்ப்பு வைத்துப் பாட்டோடு வந்து சேர்வதில்லையா? கட்டும் விடுதலையும் ஒருங்கே அமைந்த கலை அது. இதுவும் அத்தகையதே.

இனி, மரபைப் பார்ப்போம். கைகோத்தாடுவதைக் குரவை என்றனர் நம் முன்னோர். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை மாங்குடி கிழார் பாடிய புறநானூற்று 24ஆம் பாட்டிலே, புன்னைப்பூங் கண்ணி சூடிய இளைஞர், ஒளிவளை அணிந்த மகளிர்க்கு ஆட்டத்தில் முதற்கை கொடுக்கும் காட்சி வருகின்றது. அம்முதற்கைக்குத் 'தலைக்கை' என்றே பெயர் உண்டு. இணைநடனத்தில் ஒருவர் கைநீட்டி வழிகாட்ட, மற்றவர் அதனை ஏற்று ஆடுகின்றாரே, அதற்கு நம் மொழியில் இதனினும் பொருத்தமான சொல் வேண்டுமோ?

நாம் வாழும் மும்பையும் பல கலைகளைக் கலந்தே வளர்ந்த நகரம். 1945இல் குப்பையா பிள்ளை குடும்பத்தார் மாதுங்காவில் ராஜராஜேசுவரி பரதநாட்டியக் கலாமந்திரைத் தொடங்கித் திருவிடைமருதூரின் அடவுகளை இந்நகருக்கு அளித்தனர். 1951இல் வெளிவந்த 'அல்பேலா' படத்தில், ஆலைத் தொழிலாளியின் மகனாகிய பகவான் தாதா, கோவாவின் சிக் சாக்லேட் எக்காளம் ஊத, எவரும் ஆடக்கூடிய எளிய அடிகளை ஆடிக் காட்டினார். 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் தெருக்களில் முளைத்த ஹிப்ஹாப், தாராவிச் சந்துகளிலும் வேரூன்றியது. 2018இல் வந்த 'காலா' படத்தில் தாராவி இளைஞர்களின் 'டோப்அடெலிக்ஸ்' குழு பாடியதை நீவிர் கேட்டிருப்பீர்கள்.

ஆயினும் ஒன்றை மறைத்துப் பயனில்லை. மாதுங்காவின் சலங்கை ஒலி தாராவிக்குக் கேட்பதில்லை; தாராவியின் பறையொலி மாதுங்கா சபைகளுக்குள் நுழைவதில்லை. செம்பூரிலோ இரண்டும் வெவ்வேறு நாளில் ஒலிக்கின்றன. ஒரே ஊர்களிலிருந்து ஒரே ரயிலில் வந்தவர்கள் நாம். இறங்கிய இடத்தில், இருப்புப்பாதைக்கு இப்பாலும் அப்பாலுமாகப் பிரிந்தோம். ஊரிலிருந்து அரிசியும் அப்பளமும் கொண்டுவந்த மூட்டையிலே சாதியையும் கட்டிக்கொண்டு வந்தோம். தீண்டாமை கையைப் பற்றிய நோய். எந்தக் கை எந்தக் கையைத் தொடலாம் என்பதே அதன் சட்டம். அந்நோய் உள்ளவர் இணைநடனம் ஆட இயலாது.

சவாய் மன்றத்தின் பெருமையும் இதுவே. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடுவதை அமெரிக்காவின் பெரும்பாலான மன்றங்கள் தடுத்திருந்த காலத்தில், அம்மன்றம் இருவரையும் வரவேற்றது. அங்கே, 'உனக்கு ஆடத் தெரியுமா?' என்பதே கேள்வியாயிற்று.

பெண்மக்களைப் பெற்றோர்க்கு ஒரு கவலை உண்டு; அது நியாயமானதே. ஆகவே சில முறைகளைக் கூறுகின்றோம். கைநீட்டுபவர் கேட்டே நீட்ட வேண்டும். மறுத்தால் வணங்கி விலக வேண்டும். பெண்ணும் முதற்கை தரலாம். பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் இணைந்தாடவும் தடையில்லை. நம் கோலாட்டத்தில் பெண்கள் இணை சேர்வதில்லையா? பயிற்சி ஞாயிறுதோறும், பெற்றோர் முன்னிலையில், திறந்த அரங்கில் நடைபெறட்டும்.

எனவே, அடுத்த ஆண்டு விழாவிற்கு ஒரு வேண்டுகோள். மாதுங்காவில் அடவு பயின்றவரும், தாராவித் தெருவில் ஆடப் பழகியவரும், செம்பூர்ப் பிள்ளைகளும் இணையிணையாக இம்மேடையேற வேண்டும். இணைகளைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுப்போம். பெயரோடு பேட்டையின் பெயரை அறிவிக்க வேண்டா. மிருதங்கமும் பறையும் ஒரே வரிசையில் அமரட்டும். முதல் எட்டு எண்ணிக்கை பொதுவான அடியாகட்டும். அடுத்த எட்டு அவரவர் சொத்தாகட்டும்.

மேடையில் ஒரு நாள் கைகோத்தால் ஊர் மாறிவிடுமா என்று கேட்கலாம். மாறிவிடாது. ஆனால் பயிற்சிக்கு ஓராண்டு இருக்கின்றது. ஐம்பது ஞாயிறுகள் ஒருவர் கையை ஒருவர் பற்றியவர்கள், ஐம்பத்தோராம் ஞாயிறு ஒருவர் வீட்டில் ஒருவர் உண்ணத் தயங்கார் என்பது நம் நம்பிக்கை. பெயர் தர விழைவோர் இன்றே செயலாளரிடம் தருக. பெரியோர்களே, முதற்பெயர் நும் பேரக்குழந்தைகளுடையதாக இருக்கட்டும்.