பண்டிகை வாழ்த்தும் பலகாரத் தட்டும்

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத குடியிருப்போருக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



மோட்டார் பழுது, கழிவுநீர்த் தொட்டி, பராமரிப்புக் கட்டண பாக்கி எல்லாம் பேசி முடித்து, களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். கடைசிப் பொருள் "பண்டிகைக் கொண்டாட்டங்கள், சமுதாயக் கூட விதிமுறை". கேட்க லேசாக இருக்கிறது. ஆனால் நம் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் அதிகம் சூடு பறந்தது இதில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பேசிவிடுகிறேன்.

காலண்டரைப் பாருங்கள். தீபாவளி, அதற்கு ஆறாம் நாள் பீகார்க்காரர்களின் சத் பூஜை, திருக்கார்த்திகை, கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, பொங்கல். அப்புறம் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு யுகாதி, நமக்குச் சித்திரை முதல் நாள், மலையாளக் குடும்பங்களுக்கு விஷு. ரமலான் ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்து வரும். இத்தனையும் ஒரே காம்பவுண்டுக்குள் நடக்கின்றன. முன்பெல்லாம் உத்திரமேரூரில் ஒரு தெருவில் ஒரே மாதிரிக் குடும்பங்கள் இருக்கும். இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்கள் வாடகை கட்டுப்படியாகும் என்று இந்தப் பக்கம் குடிவருகிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் கும்பிடும் சாமியும் வேறு, சாப்பாடும் வேறு. இதை எப்படிக் கையாள்வது என்பதுதான் கேள்வி.

முதலில் வாழ்த்து.

பண்டிகை நாளில் காலை ஐந்து மணிக்கே குழுவில் படம் வர ஆரம்பிக்கிறது. விளக்குப் படம், நட்சத்திரப் படம், பிறைப் படம். மத்தியானத்துக்குள் எண்பது, தொண்ணூறு ஆகிவிடும். யாருக்கு யார் வாழ்த்துச் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. அச்சடித்த வாழ்த்து ஒன்றும் புதிதில்லை. இங்கிலாந்தில் ஹென்றி கோல் என்பவர் 1843இல் ஓவியர் ஹார்ஸ்லியை வரையச் சொல்லி கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அச்சடித்தார். நிறைய பேருக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லை என்பதுதான் காரணம். ஆனாலும் அந்த அட்டையின் மேலே யாருக்கு, கீழே யாரிடமிருந்து என்று கையால் எழுத இடம் விட்டிருந்தார்கள்.

நம் ஊரில் பொங்கல் வாழ்த்து அட்டையும் அப்படித்தான். மார்கழி பிறந்தால் கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். மாட்டுப் படம் யாருக்கு, சாமிப் படம் யாருக்கு, எம்.ஜி.ஆர். படம் யாருக்கு, சிவாஜி படம் யாருக்கு என்று யோசித்து வாங்குவோம். உறையை ஒட்டாமல் 'புக் போஸ்ட்' என்று எழுதிக் குறைந்த தபால்தலையில் அனுப்புவோம். யாருக்கு எது பிடிக்கும் என்று நினைத்துப் பார்த்த அந்த ஒரு நிமிடம்தான் வாழ்த்து. படத்தை ஃபார்வர்டு செய்வதில் அந்த நிமிடம் விட்டுப்போகிறது.

குழுவில் படம் போடாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. யாருடைய பண்டிகையோ அவர் பெயரைச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள், அல்லது கதவைத் தட்டிச் சொல்லுங்கள். மொழி தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் "ஈத் முபாரக்" என்பது போலவே "பெருநாள் வாழ்த்துகள்" என்றும் சொல்வார்கள். நோன்புப் பெருநாளா, ஹஜ்ஜுப் பெருநாளா என்று தெரிந்து சொன்னால் முகத்தில் சந்தோஷம் தெரியும்.

எதற்கு வாழ்த்துச் சொல்லக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். புனித வெள்ளி இயேசு சிலுவையில் உயிர்விட்ட நாள். அன்று தேவாலயத்தில் துக்கம். வாழ்த்து வேண்டியது ஞாயிற்றுக்கிழமை வரும் ஈஸ்டருக்கு. முஹர்ரம் பத்தாம் நாள் ஷியா முஸ்லிம்களுக்குத் துக்க நாள். நம் வீடுகளிலும் அந்த வருடம் சாவு விழுந்திருந்தால் தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். ஆனால் உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். "உங்கள் வீட்டில் பண்டிகை இல்லை, ஆனால் பிள்ளைகள் வெறும் வாயோடு இருக்கக்கூடாது" என்ற எண்ணம் அது. இப்படி ஒரு நல்ல வழக்கத்தை அடுக்குமாடிக்கு வந்ததும் மறந்துவிடக் கூடாது. எந்த வீட்டில் அந்த நிலைமை என்று அந்தந்த மாடிக்காரர்களுக்குத் தெரியும். குழுவில் அறிவிக்க வேண்டாம். தட்டு மட்டும் போய்ச் சேரட்டும்.

இனி பலகாரத்துக்கு வருகிறேன்.

அச்சு முறுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குச் சுடுகிற வீடும் உண்டு, கிறிஸ்துமஸுக்குச் சுடுகிற வீடும் உண்டு. இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்களக் குடும்பங்களில் இதே மாதிரி அச்சை மாவில் முக்கிச் சுட்டெடுத்து 'கொக்கிஸ்' என்கிறார்கள். டச்சுக்காரர்கள் வழியாக வந்த பண்டம் என்று சொல்வதுண்டு. நார்வே, ஸ்வீடன் பக்கம் கிறிஸ்துமஸுக்கு இதே வடிவில் செய்து சர்க்கரைத் தூள் தூவுகிறார்கள். அச்சு ஒன்றேதான். அவரவர் ஊரில் கிடைத்த மாவையும் எண்ணெயையும் வைத்து அவரவர் பண்டிகைக்குச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் கேக்கும் அப்படி நம் பக்கம் வந்ததுதான். கேரளாவில் தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர் 1883இல், மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி கேட்டதற்காகச் செய்துகொடுத்ததைத்தான் நம் நாட்டின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்கிறார்கள்.

யுகாதிப் பச்சடியில் வேப்பம்பூ, வெல்லம், புளி, மாங்காய், மிளகாய், உப்பு என்று ஆறு சுவை. சித்திரை ஒன்றாம் தேதி நாம் செய்யும் மாங்காய்ப் பச்சடியிலும் வேப்பம்பூ விழுகிறது. புது வருடத்தில் கசப்பும் வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இரண்டு வீட்டாருக்கும் ஒரே பூதான் கிடைத்திருக்கிறது. சத் பூஜையில் பெண்கள் 36 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருக்கிறார்கள். கோதுமை மாவு, வெல்லம், நெய் சேர்த்து 'தெகுவா' செய்கிறார்கள். தின்று பார்த்தால் நம் அதிரசத்துக்குத் தூரத்துச் சொந்தம் போலிருக்கும்.

இதெல்லாம் இனிப்பான பக்கம். இப்போது சிக்கலான பக்கம்.

பண்டிகை நாட்களில் சமுதாயக் கூடத்தில் அசைவம் கூடாது என்று ஒரு தீர்மானம் முன்வைக்கப்பட்டிருக்கிறது. கொண்டுவந்தவர்கள் கெட்ட எண்ணத்தில் கொண்டுவரவில்லை. அவர்கள் விரதம் இருக்கும் நாளில் வாசனை வருகிறது, பாத்திரம் கலந்துவிடுகிறது என்பது நியாயமான குறை. மறுபக்கம், பெருநாள் அன்று பிரியாணி இல்லாமல் கூடத்தை வாடகைக்கு எடுத்து என்ன செய்வது, நாங்களும் அதே பராமரிப்புக் கட்டணம்தானே கட்டுகிறோம் என்று கேட்பதும் நியாயம்தான்.

இதில் வழிகாட்ட நமக்கு இரண்டு நடைமுறைகள் இருக்கின்றன.

ஒன்று சென்னையில். திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் 1795இல் கட்டியது. அங்கே ரமலான் மாதம் முழுவதும் நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு உணவு தருகிறவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளைக்காரர்கள். தேசப் பிரிவினையில் சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிய அமைப்பு. சமைக்கிற, பரிமாறுகிற தொண்டர்களில் பலரும் இந்துக்கள். மயிலாப்பூரில் பகலெல்லாம் சமைத்து, சாயங்காலம் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், தலையில் குல்லா அணிந்து வரிசையாகப் பரிமாறுகிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. சாப்பாடு சைவம். பள்ளிவாசலில் எங்களுக்குக் கறி வேண்டும் என்று யாரும் சண்டை போடவில்லை. சமைத்தவர்கள் தங்கள் கை தொடக்கூடியதைச் சமைத்தார்கள், வந்தவர்கள் மனதாரச் சாப்பிட்டார்கள்.

இன்னொன்று மலேசியாவில். அங்குள்ள தமிழர்கள் தீபாவளிக்குத் 'திறந்த இல்ல உபசரிப்பு' வைப்பார்கள். வீட்டு வாசல் திறந்திருக்கும். மலாய் நண்பர்கள், சீன நண்பர்கள் எல்லோரும் வருவார்கள். முஸ்லிம் விருந்தாளி வருகிறார் என்பதால் ஹலால் சமையல்காரரிடம் சொல்லி வாங்கி வைக்கிற வீடுகள் நிறைய. பன்றி இறைச்சியும் மாட்டிறைச்சியும் மேசைக்கு வராது. விருந்தாளி சாப்பிடக்கூடியது எது என்று விசாரித்து வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று அங்கே பழகியிருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் இந்தப் பழக்கம் இருக்கிறது. சாமிக்குப் படைத்ததை முஸ்லிம் வீட்டிலும் சில கிறிஸ்தவ வீடுகளிலும் சாப்பிட மாட்டார்கள் என்று தெரிந்து, படைப்பதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்து, "இது படைக்காதது" என்று சொல்லிக் கொடுக்கும் அம்மாக்கள் உண்டு. சைவக் குடும்பத்துக்குப் பிரியாணி அனுப்பாமல் பேரீச்சம்பழமும் பழங்களும் அனுப்பும் பாய் வீடுகள் உண்டு. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு எல்லா மதத்துக்காரர்களும்தான் நிற்கிறார்கள். கறி போட்ட கஞ்சியா, போடாததா என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

இதிலிருந்து எனக்குத் தெரிவது இரண்டு விஷயம். எல்லோரையும் அழைக்கிற விருந்து என்றால் எல்லோரும் சாப்பிடக்கூடியதைத்தான் வைக்க வேண்டும். ஒரு குடும்பம் தன் செலவில் தன் உறவுகளுக்கு வைக்கிற விருந்து என்றால், அடுப்பில் என்ன ஏற வேண்டும் என்பதை அந்தக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் தகராறு. அதனால் தீர்மானத்தை இப்படித் திருத்தலாம் என்பது என் வேண்டுகோள்:

சங்கம் நடத்தும் பொது விருந்து சைவமாக, முட்டை இல்லாமல் இருக்கட்டும். குடும்பங்கள் கூடத்தை எடுத்து நடத்தும் விருந்துக்குச் சைவ, அசைவத் தடை வேண்டாம். சங்கப் பாத்திரங்களைச் சைவத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். அசைவம் சமைப்பவர்கள் பாத்திரத்தைத் தாங்களே வெளியில் எடுத்து வரட்டும். மறுநாள் காலை கூடத்தைக் கழுவிக் கொடுப்பது, சைவமோ அசைவமோ, எடுத்தவர் பொறுப்பு. ரமலான் மாதத்தில் சங்கக் கூட்டத்தை நோன்பு திறக்கும் நேரத்தில் வைக்க வேண்டாம்.

அடுத்தது, பந்தியில் யார் உட்காருகிறார்கள் என்பது.

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. முப்பது குடும்பு, ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கி ஒரு சிறுவனை விட்டு எடுப்பது என்று எல்லாம் நமக்கு மனப்பாடம். வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்தக் குடத்தில் எல்லோர் பெயரும் விழவில்லை. சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ளவர்கள் பெயர்தான் விழுந்தது. ஆயிரத்து நூறு வருடம் கழித்து நாம் வைக்கும் பொங்கல் பானையிலாவது எல்லோருக்கும் பங்கு இருக்க வேண்டாமா?

ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது நம் மாநிலத்தில் சும்மா வந்துவிடவில்லை. யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்று கணக்குப் பார்த்த காலத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம். காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் நினைவு நாளான பிப்ரவரி 3 அன்றும் சுதந்திர தினத்தன்றும் கோயில்களில் அரசு பொது விருந்து நடத்துகிறதே, அதன் பொருள் அதுதான். எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும்.

நம் குடியிருப்பில் கேட்டில் நிற்கும் காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள் பண்டிகை அன்று சாப்பிடுகிறார்கள். ஆனால் எப்போது? எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, மிச்சம் இருப்பதை, கவரில் கட்டி எடுத்துப்போகிறார்கள். காவலாளியின் ஊரில் சத் பூஜை நடக்கும் நாளில் அவர் இங்கே இரவு ஷிஃப்டில் நிற்கிறார். அவருக்கு யார் வாழ்த்துச் சொன்னார்கள்? இந்த விஷயத்தில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. பொது விருந்தில் முதல் பந்தியில் பணியாளர்களும் அவர்கள் குடும்பமும் நம்மோடு உட்கார வேண்டும். அந்த நேரம் கேட்டைப் பார்த்துக்கொள்ள நம்மில் இரண்டு பேர் போதும். நான் ஒருவன் வருகிறேன். இன்னொருவர் வந்தால் போதும்.

காணும் பொங்கல் அன்று மதியம் நம் பொது விருந்தை வைக்கலாம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு உறவுகளைப் பார்க்கப் போகிற நாள்தானே அது. சர்க்கரைப் பொங்கலும் சாம்பாரும் சங்கச் செலவு. மற்றபடி வீட்டுக்கு ஒரு பண்டம், அவரவர் ஊர் வழக்கப்படி. புளியோதரையோ, மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு மந்தாரை இலையில் வேகவைத்த காஞ்சிபுரம் இட்லியோ, தெகுவாவோ, பருப்புப் பாயசமோ, எதுவானாலும் சரி. பண்டத்தின் முன்னால் ஒரு சின்ன அட்டையில் பெயர், எந்த ஊர்ப் பண்டம், நெய்யா எண்ணெயா, வேர்க்கடலை, முந்திரி இருக்கிறதா என்று எழுதி வையுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். சர்க்கரை போட்டதா வெல்லம் போட்டதா என்று எழுத வேண்டாம். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்!

கடைசியாக ஒன்று. நம் வீடுகளில் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது, இரண்டு வாழைப்பழமாவது வைத்துத்தான் கொடுப்பார்கள். இந்தப் பண்டிகைக்கு உங்கள் தளத்தில் இதுவரை நீங்கள் பேசாத ஒரு வீட்டுக்கு ஒரு தட்டு அனுப்புங்கள். என்ன சாப்பிடுவீர்கள் என்று முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அதற்கும் அவர்களிடம் ஒரு காரணம் இருக்கும்.

திருத்திய தீர்மானத்தின் நகல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. ஆட்சேபணை இருந்தால் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம். பொங்கலுக்கு முன் ஒருமுறை கூடி முடிவெடுப்போம்.

வரப்போகும் பண்டிகைகள் எல்லாவற்றுக்கும், கொண்டாடுகிற எல்லோருக்கும் என் வாழ்த்துகள்.