குறுஞ்செய்தி வராவிட்டாலும் கடைசித் தேதி வரும்



காலை ஆறு மணிக்கு உங்க போன்ல ஒரு குறுஞ்செய்தி: கட்டணம் செலுத்த இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. அந்த நேரத்துல எந்த அலுவலர் உட்கார்ந்து அனுப்பினார்னு யோசிச்சிருக்கீங்களா? யாரும் இல்லை. சர்வர் தானாகவே அனுப்பியது.

பல சர்வர்களில் இந்த வேலையைத் தொடங்கி வைப்பது 'கிரான்' என்ற சிறிய மென்பொருள். 1970-களில் யுனிக்ஸ் கணினிகளில் வந்தது. இன்று லினக்ஸ் சர்வர்களிலும் ஓடுகிறது. அதற்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதும். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து இடங்கள். அடுத்து, செய்ய வேண்டிய வேலை. "0 6 * * *" என்றால் தினமும் காலை ஆறு மணி. நட்சத்திரக் குறிக்கு 'எதுவானாலும் சரி' என்று பொருள். கிரான் நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்க்கும். நேரம் பொருந்தினால் வேலையைத் தொடங்கிவிடும்.

ஆனால் சொன்னதை மட்டும்தான் செய்யும். சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருந்தால், ஆறு மணி வேலை நமக்குப் பகல் 11.30-க்குத்தான் நடக்கும். தேதி இடத்தில் 31 என்று எழுதிவிட்டால், 31-ஆம் தேதி இல்லாத ஐந்து மாதங்களில் அந்த வேலை நடக்கவே நடக்காது. ஆறு மணிக்கு சர்வர் நின்றுபோயிருந்தால், ஏழு மணிக்கு எழுந்ததும் விட்ட வேலையைப் பிடிக்காது. சாதாரண கிரான் மறுநாள் வரை காத்திருக்கும். செய்தி உங்க கைக்கு வந்துச்சான்னும் அது பார்க்காது. அதனால்தான் கவனமான நிர்வாகிகள், வேலை முடிந்ததும் ஒரு சமிக்ஞை வரும்படியும், அது வராவிட்டால் தங்களுக்கு எச்சரிக்கை வரும்படியும் செய்து வைக்கிறார்கள்.

இதுல நமக்கு என்ன இருக்குன்னு கேட்பீங்க. நினைவூட்டல் வரலைன்னா, கட்ட வேண்டியது எதுவும் இல்லைன்னு அர்த்தம் இல்லை. மின்கட்டணத் தேதி தாண்டினால் இணைப்பு துண்டிக்கப்படலாம். வாகனக் காப்பீடு முடிந்தது தெரியாமல் வண்டி ஓட்டி விபத்து நேர்ந்தால், இழப்பீட்டுச் சுமை உங்க தலையில்தான் விழும்.

மூணு விஷயம் செய்யுங்க. போன் நம்பரை மாத்தியிருந்தா, நீங்க பயன்படுத்துற ஒவ்வொரு சேவையிலும் புது நம்பரைப் பதிவு செய்யுங்க. கடைசித் தேதியை அந்தச் சேவையின் இணையதளத்திலோ செயலியிலோ நேரடியாகவே பாருங்க. அப்புறம், உங்க போன் காலண்டர்லயே, கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி, திரும்பத் திரும்ப வரும் நினைவூட்டல் ஒன்று போட்டு வைங்க. 29, 30, 31 தேதிகள் வேண்டாம். எல்லா மாதத்திலும் இருக்கிற தேதியாகத் தேர்ந்தெடுங்க.

வீட்டுல பெரியவங்க இருந்தா, அவங்க போன்லயும் இன்னைக்கே போட்டுக் கொடுங்க.